குழந்தைக்கு ஊர் செய்யும் சீர்

(கள்ளக்குறிச்சி வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் அந்த மகிழ்ச்சி அவ்வீட்டின் நான்கு சுவர்களுக்குள் அடங்கி நிற்பதில்லை. வாசலில் வேப்பிலை செருகப்பட்டதைக் கண்டதும் தெருவில் போவோர் நின்று, “தாயும் பிள்ளையும் நலந்தானே?” என்று கேட்டுவிட்டுத்தான் அப்பால் செல்வர். நல்ல நாள் பார்த்துத் தொட்டில் இடுகின்றோம், பெயர் சூட்டுகின்றோம், காப்பரிசி வழங்குகின்றோம். தாய்மாமன் அரைஞாணும் காப்பும் துணியும் எடுத்து வருகின்றார். மாமன் எவ்வளவு ஏழையாயினும் சீர் இல்லாமல் வருவதில்லை. அது நம் மரபு.

மாமன் செய்யும் சீரை நாம் யாவரும் அறிவோம். ஊர் செய்ய வேண்டிய சீர் ஒன்றும் உண்டு. அதைப் பற்றியே இன்று உங்களுடன் கலந்து பேச விரும்புகின்றோம். புதிதாகப் பிறந்த குழந்தை ஒரு குடும்பத்தின் உறுப்பினர் மட்டுமன்று; நம் ஊராட்சியின் ஆக இளைய குடிமகன் அல்லது குடிமகள். ஆகையால் ஊராட்சியும் அக்குழந்தைக்கு ஒரு தாய்மாமன் என்றே கருத வேண்டும்.

நம் மாநிலம் இத்துறையில் அடைந்துள்ள முன்னேற்றம் சிறிதன்று. 1971-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஓராண்டு நிரம்புமுன் இறந்தன. 2020-ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 13 ஆகக் குறைந்தது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. இவை நாம் பெருமை கொள்ளத்தக்க எண்களே. ஆனால் எஞ்சிய சில குழந்தைகள் யாருடைய குழந்தைகள்? பெரும்பாலும் சாலை எட்டாத சிற்றூர்களின் குழந்தைகள், மலைக் குழந்தைகள். ஆதலால்தான் கல்வராயன் மலையை மனத்திற்கொண்டு இதைப் பேசுகின்றோம்.

வரவேற்பு எப்போது தொடங்குகிறது?

விருந்தினர் வாசலில் வந்து நின்ற பின்னர் அடுப்பு மூட்டும் இல்லத்தரசியை நாம் மெச்சுவதில்லை. குழந்தையின் வரவேற்பும் அது பிறந்த பின்னர்த் தொடங்குவதன்று. தாய் கருவுற்ற செய்தி தெரிந்தவுடனேயே தொடங்க வேண்டும்.

முதல் மூன்று மாதங்களுக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்போது தரப்படும் எண்ணைப் ‘பிக்மி எண்’ என்று நம் பெண்கள் சொல்லுகின்றனர். இரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, நிதியுதவி, பின்னர்க் குழந்தையின் பிறப்புச் சான்று ஆகிய யாவற்றுக்கும் இந்த எண் துணையாக நிற்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் கீழ், தகுதியுடைய தாய்மார்களுக்கு முதல் இரு பேறுகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 18,000 ரூபாய் அளவிலான உதவி கிடைக்கின்றது. இதில் 14,000 ரூபாய் ரொக்கம். எஞ்சியது இரு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, மருத்துவராகவும் சட்டமன்றத்தில் அமர்ந்த முதற் பெண்மணியாகவும் விளங்கிய அம்மையாரின் பெயரைத் தாங்கிய திட்டம் இது. அந்தப் பணம் தாயின் உணவுக்கும் குழந்தையின் நலத்துக்கும் உரியது. வீட்டுக் கடனை அடைக்கவும் வேறு செலவுக்கும் அதை எடுப்பது, விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவது போன்றதாகும்.

மலையில் வாழ்வோர்க்கு இன்னொரு முன்னேற்பாடும் தேவை. கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையை நீங்கள் அறிவீர்கள். பெரிய கல்வராயன் பகுதி ஏறத்தாழ 4,000 அடி உயரமுடையது. பிரதான சாலையிலிருந்து விலகிய சிற்றூர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது ஓடைகள் பெருக்கெடுத்தால் வண்டி செல்ல வழியிராது. கர்ப்பிணியை டோலி கட்டித் தூக்கிச் செல்லும் அவலமும் மலைக் கிராமங்களில் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. நள்ளிரவில் வலி கண்ட பின்னர் 108 வண்டியை அழைத்தால், அழைப்பை ஏற்க ஆள் இருந்தாலும், வண்டி வந்து சேர வழி வேண்டுமன்றோ?

ஆகையால் குறித்த நாளுக்குச் சில தினங்கள் முன்னதாகவே தாயைச் சுகாதார நிலையத்தின் அருகில் கொண்டுவந்து சேர்ப்பதே அறிவுடைமை. மலைப் பகுதிகளுக்கென்றே சில சுகாதார நிலையங்களில் பிரசவ காலக் காத்திருப்பு அறைகள் அமைக்கப்பட்டுள்ளன. அண்மையில் எந்த நிலையத்தில் இவ்வசதி இருக்கிறது என்பதைச் செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடினமான பேறுகளுக்கு முன்பு விழுப்புரத்திற்கும் சேலத்திற்கும் ஓட வேண்டியிருந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்து வைக்கப்பட்டது. மருத்துவம் நம்மை நோக்கிப் பாதி வழி வந்துவிட்டது; மீதிப் பாதி வழியை நாம் போட வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

விவசாயிகளாகிய உங்களிடம் ஒரு கேள்வி. பசு கன்று ஈன்றதும் முதலில் என்ன செய்கின்றீர்கள்? கன்றைத் துடைத்து, எழுந்து நிற்கச் செய்து, மடியில் ஊட்ட விடுகின்றீர்கள். சீம்பால் குடியாத கன்று தேறாது என்பது நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் அதே வீட்டில் தாய் குழந்தையைப் பெற்றால், மஞ்சள் நிறமான அந்த முதற்பாலைக் ‘கெட்ட பால்’ என்று பீய்ச்சிக் கொட்டச் சொல்லுவோரும் நம்மிடையே இருக்கின்றனர்! கன்றுக்கு ஒரு நீதி, கைக்குழந்தைக்கு ஒரு நீதியா?

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். சீம்பாலின் அளவு சிறிது. ஆனால் நோயை எதிர்க்கும் ஆற்றல் அதில் மிகுதி. அதுவே குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து. ஆறு மாதம் நிரம்பும் வரையில் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீரும் தேவையில்லை. மருத்துவர் தரும் மருந்து மட்டுமே இதற்கு விலக்கு.

‘சேனை வைத்தல்’ என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ கழுதைப் பாலையோ குழந்தையின் நாவில் தடவும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. குணமுள்ள பெரியவர் ஒருவர் கையால் செய்தால், அவர் குணம் குழந்தைக்கும் வரும் என்ற நல்லெண்ணத்தில் எழுந்த வழக்கம் அது. எண்ணம் நல்லதே, பொருள்தான் தீங்கானது. தேனில் கண்ணுக்குப் புலப்படாத கிருமி வித்துக்கள் இருக்கக்கூடும். ஓராண்டு நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். ஆகவே வழக்கத்தை விட வேண்டியதில்லை, மாற்றிக்கொள்வோம். சேனை வைக்க அழைக்கப்படும் அந்தப் பெரியவரே குழந்தையை ஏந்தி எடுத்துத் தாயின் மார்பில் சேர்க்கட்டும். அதைவிடச் சிறந்த சேனை வேறில்லை.

பிறந்த குழந்தையின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் மலைக்காற்றுக்குப் பெரியவர்களே நடுங்குகின்றோம். ஒரு நாள் குழந்தை என்ன செய்யும்? பிறந்தவுடன் ஈரம் போகத் துடைத்துத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து அணைத்து, மேலே போர்த்த வேண்டும். முதல் நாளில் குளிப்பாட்ட வேண்டா. எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு இவ்வணைப்பு இன்னும் அவசியம். நம் பாட்டிமார் புதுத் துணியை ஒதுக்கிவிட்டு, துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய நூல் வேட்டியை விரிப்பது வழக்கம். அது மிகச் சரியான வழக்கம், தொடரட்டும்.

தொப்புள் கொடியின் மேல் சாம்பல், சாணம், மஞ்சள், எண்ணெய் எதையும் பூசலாகாது. உலர்ந்து தானே விழ விட வேண்டும். முற்காலத்தில் ஒரு வாரக் குழந்தைகளை வாரிக்கொண்டு போன இசிவு நோய்க்கு, சுத்தமற்ற கத்தியும் சாணமும் காரணங்களாய் இருந்தன. தடுப்பூசியாலும் சுத்தத்தாலும் அந்நோயை நம் நாடு அடக்கியது. 2015-இல் உலக சுகாதார நிறுவனமும் இதை உறுதி செய்தது. வென்ற போரை மறுபடியும் தோற்கலாகாது. குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவதும், தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பதும், காதில் எண்ணெய் விடுவதும், சாம்பிராணிப் புகையில் குழந்தையைக் காட்டுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உடல் சில்லிட்டாலும், காய்ச்சல் கண்டாலும், மூச்சு வேகமாக வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகத் தோன்றினாலும், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வடிந்தாலும் அரைநாள் கூடப் பொறுத்திருக்கலாகாது. மந்திரிப்பதற்கு ஒரு நாள், உரை மருந்துக்கு ஒரு நாள் என்று கழித்துவிட்டு மூன்றாம் நாள் மலையிறங்குவதால் இழந்த உயிர்கள் பல.

தந்தையின் பங்கு

வரவேற்பு என்றால் அது பெண்கள் வேலை என்று ஆண்கள் திண்ணையில் அமர்ந்துவிடுகின்றனர். தாய் இரவெல்லாம் விழித்துப் பாலூட்டுகின்றாள். தண்ணீர் எடுப்பது, விறகு கொணர்வது, மூத்த பிள்ளைகளைக் கவனிப்பது ஆகியவற்றைத் தந்தை ஏற்றுக்கொண்டால் தாய் தேறுவாள். பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் காய்கறியையும் அவளுக்குக் குறைக்கலாகாது. சாமையும் கேழ்வரகும் கீரையும் முட்டையும் பருப்பும் அவள் வயிறு நிறைய உண்ண வேண்டும்.

‘பெண் பிறந்ததா?’ என்று சுருங்கிய முகத்துடன் கேட்கும் வழக்கத்தையும் இன்றோடு விட்டொழிப்போம். ஆணோ பெண்ணோ என்பதை முடிவு செய்வது தந்தையின் விந்தணுவே. தாயைக் குறை கூறுவதில் நீதியும் இல்லை, அறிவும் இல்லை. கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லுவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. அவ்வாறிருந்தும் சட்டத்திற்கு மாறாக ஸ்கேன் செய்தவர்கள் நம் மாவட்டத்தில் பிடிபட்ட செய்திகளை நாளிதழ்களில் கண்டோம். இது நம் அனைவருக்கும் தலைகுனிவு. பெண் குழந்தைகள் மட்டுமே உள்ள ஏழைக் குடும்பங்களுக்காக அரசின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் இருக்கின்றது. ஒரு பெண் குழந்தையாயின் 50,000 ரூபாயும், இருவராயின் ஒவ்வொருவருக்கும் 25,000 ரூபாயும் அக்குழந்தைகளின் பெயரில் வைப்பு நிதியாக இடப்படுகின்றன. நிபந்தனைகளை ஒன்றியத்திலுள்ள சமூக நல விரிவாக்க அலுவலரிடம் கேட்டறியலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நஞ்சு கலந்த சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களை வாரிக்கொண்டது. தந்தையை இழந்த குழந்தைகளின் முகம் நம் கண்ணைவிட்டு அகலவில்லை. பிள்ளை பிறந்த மகிழ்ச்சிக்கென்று நண்பர்களுக்குச் சாராய விருந்து வைக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அக்காசைத் தாயின் உணவுக்குச் செலவிடுங்கள். குழந்தை தந்தையிடம் வேண்டும் சீர் ஒன்றே: அவர் உயிருடனும் தெளிந்த அறிவுடனும் வீட்டில் இருக்க வேண்டும்.

தொட்டிலும் பதிவேடும்

ஒரு சென்ட் நிலம் வாங்கினாலும் பத்திரம் பதிகின்றோம். பட்டா மாற்றிக்கொள்ளும் வரையில் தூங்குவதில்லை. நிலத்தை உழப்போகும் பிள்ளையின் பிறப்பைப் பதிவு செய்வதில் மட்டும் ஏன் அசட்டை?

1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பிறந்த 21 நாட்களுக்குள் தகவல் தந்தால் பதிவுக்குக் கட்டணமில்லை. மருத்துவமனையில் பிறந்தால் அந்நிலையத்தாரே தகவல் தருவர். வீட்டில் பிறந்தால் தெரிவிக்க வேண்டிய கடமை குடும்பத் தலைவரைச் சேர்ந்தது; கிராம நிர்வாக அலுவலரை அணுகுங்கள். பெயர் வைக்கும் சடங்கு நடைபெறவில்லையே என்று காத்திருக்க வேண்டியதில்லை. பெயரின்றியே பிறப்பைப் பதியலாம். ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் முதல் நாள் தொடங்கிப் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் முதலியவற்றுக்குப் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் சான்று இதுவே.

மலைவாழ் மக்களுக்கு இதன் அருமை இன்னும் அதிகம். கல்வராயன் மலை 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அம்மக்கள் வாக்குரிமை பெற்றது 1996-இல்தான். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே அவர்களுடைய பெயர்கள் வாக்காளர் பட்டியலில் ஏறின. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அம்மக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கெடுத்து விசாரிக்கத் தொடங்கியதையும் நினைவு கூர்கின்றோம். பாட்டனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போயிருக்கலாம். பேரனின் பெயர் 21 நாட்களில் ஏற வேண்டும். சாதிச் சான்றுக்கும் கல்வி உதவித் தொகைக்கும் போகும்போது அலைச்சல் குறையும். பெண் பிள்ளையின் சரியான வயது எழுத்தில் இருந்தால், 18 வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் செய்விக்க முயல்வோரைத் தடுக்கவும் அது ஆயுதமாகும். இளவயதுத் தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம் மிகுதி என்பதையும் மறத்தலாகாது. இன்றைய பதிவு நாளைய பேறு ஒன்றையும் காக்கின்றது.

ஊர் செய்யும் ஐந்து சீர்கள்

இனி ஊராட்சி மன்றத்தார் செய்யத்தக்கவற்றைச் சொல்லி முடிக்கின்றோம்.

முதற் சீர், கணக்கு. ஊரிலுள்ள கர்ப்பிணிகள் எத்தனை பேர், யாருக்கு எந்த மாதம் என்ற கணக்கைச் செவிலியரோடும் அங்கன்வாடிப் பணியாளரோடும் கலந்து உறுப்பினர் அறிந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் நாள் குறித்திருப்போரை முன்னதாகவே கீழிறக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

இரண்டாம் சீர், வழி. அடைமழைக்கு முன்னர்ப் பாதையின் பள்ளங்களை நிரவி, முட்களை வெட்டி, தெருவிளக்குகளைச் சரிபார்த்து வைக்க வேண்டும். 108 வண்டி எட்டாத இடத்திலிருந்து சாலை வரையில் கொண்டுவர யாருடைய ஜீப், யாருடைய டிராக்டர் என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

மூன்றாம் சீர், தண்ணீர். துணைச் சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் குழாயில் நல்ல நீர் வர வேண்டும். கை கழுவ நீரில்லாத இடத்தில் சுகாதாரம் பற்றிப் பேசுவது வீண்.

நான்காம் சீர், தடுப்பூசி நாள். பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியும், போலியோ சொட்டு மருந்தும், மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும் இடப்படுகின்றன. பின்னர் ஆறு, பத்து, பதினான்கு வாரங்களிலும், ஒன்பது மாதம் நிரம்பிய பின்னரும் உரிய ஊசிகள் உண்டு. மரவள்ளி பிடுங்கும் நாளிலும் கரும்பு வெட்டும் நாளிலும் கூலிக்குச் செல்லும் தாய்மார்க்கு அந்த நாளை நினைவூட்டுவதும், அரைநாள் விடுப்பளித்து அனுப்புவதும் நிலமுடையோர் செய்யும் தருமமாகும். வெளியூர் வேலைக்குச் செல்லும் குடும்பத்தார் தடுப்பூசி அட்டையைத் தவறாமல் உடன் எடுத்துச் செல்லும்படிச் சொல்லியனுப்ப வேண்டும்.

ஐந்தாம் சீர், பெயர். ஆண்டில் ஆறு முறை கூடும் கிராம சபையில், முந்தைய கூட்டத்திற்குப் பின்னர் ஊரில் பிறந்த குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேருடைய பிறப்பு பதிவாகியிருக்கிறது என்பதைத் தலைவர் அறிவிக்கட்டும். பெற்றோர் இசைந்தால் பெயரையும் சொல்லிச் சபையோர் வாழ்த்தட்டும். இதற்குப் பணம் செலவில்லை. நான்கு நிமிடம் போதும். பதிவாகாத குழந்தை ஒன்று இருந்தால் அது அன்றே வெளிப்பட்டுவிடும். வளர்ந்த பின்னர் அப்பிள்ளை, “என்னை வாழ்த்தியது இந்தச் சபை” என்று சொல்லிக்கொண்டு அதே சபையில் வந்து அமரும்.

அன்பர்களே! நாற்றங்கால் நன்றாய் இருந்தால் விளைச்சலைப் பற்றிப் பாதிக் கவலை தீர்ந்தது என்பது உங்கள் அனுபவம். ஊரின் நாற்றங்கால் நம் தொட்டில்களே. தொட்டில் வெள்ளிமலையில் ஆடினாலும் கள்ளக்குறிச்சியில் ஆடினாலும், அதில் கிடக்கும் குழந்தைக்கு உரிய சீர் ஒன்றே. அடுத்த கிராம சபைக்கு முன்னதாக இந்த ஐந்தில் ஒன்றையேனும் உங்கள் ஊரில் தொடங்கிவிடுங்கள். எஞ்சிய நான்கும் தாமே தொடர்ந்து வரும்.